ரிப்போர்ட்டில் குறைவு, செல்லில் அதிகம்: கணையமும் கால்சியமும்

சென்ற வருடக் கடைசியில் என் கல்லூரி நண்பன் ஒருவனைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை குத்தும் வலி, நிற்காத வாந்தி. அக்யூட் பாங்க்ரியாடைட்டிஸ், அதாவது கணையத்தில் திடீர் அழற்சி. ரத்தத்தில் லைபேஸ் அளவு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. "உங்க கணையம் தன்னையே செரிச்சுக்கிட்டு இருக்குங்க" என்று டாக்டர் சொன்னாராம்.

நான் வழக்கம்போல ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு, மறுநாள் பார்க்கப் போனபோது, "செல்லுக்குள்ள கால்சியம் அளவு மீறிப் போறதுதான்டா எல்லாத்துக்கும் ஆரம்பம்" என்று மேதாவித்தனமாக விளக்கினேன். படுத்திருந்தவன் தலைமாட்டில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான். சீரம் கால்சியம் 7.6. சாதாரணமாக 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும்.

"கம்மின்னு போட்டிருக்கு. நீ அதிகம்ங்கிற. எது சரி?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது சொல்கிறேன்: இரண்டும் சரி. ஏன் இரண்டும் சரி என்பதைப் புரிந்துகொள்ள, கணைய செல் ஒன்று கால்சியத்தை எதற்கு வைத்திருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்காரன். அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற ஆர்வத்தில் எழுதியதாகவே படியுங்கள்.

இன்சுலின் தவிர்த்த கணையம்

கணையம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சர்க்கரை நோய். ஆனால் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் கணையத்தில் 1 முதல் 2 சதவீதம்தான். 80 சதவீதத்துக்கு மேல் இருப்பவை அசினார் செல்கள். லத்தீனில் அசினஸ் என்றால் திராட்சை போன்ற சிறு பழம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தச் செல்கள் திராட்சைக் கொத்து மாதிரி, நடுவில் ஒரு மெல்லிய குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

இவற்றின் ஒரே வேலை, சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகளைத் தயாரித்து அந்தக் குழாயில் கொட்டுவது. மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ் என்று ஒரு பட்டாளம். குழாய்ச் செல்கள் சேர்க்கும் தண்ணீரும் பைகார்பனேட்டுமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் கணைய நீர் சிறுகுடலுக்குப் போகிறது.

ஒரு அசினார் செல்லைக் கூம்பு மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். அகலமான அடிப்பக்கம் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பார்த்தபடி இருக்கும். குறுகிய நுனி, நடுக்குழாயைப் பார்த்தபடி இருக்கும். அடிப்பக்கம் முழுக்க எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு வலை. புரதம் தயாராகும் பட்டறை அதுதான். சுருக்கமாக 'ஈஆர்' என்று சொல்லிக்கொள்வோம். நுனிப்பக்கம் சைமோஜன் துகள்கள், அதாவது நொதிகளை அடைத்து வைத்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர்.

புரதம் ஈஆரில் பிறந்து, கோல்கி வழியாகப் போய், துகளில் அடைபட்டு, வெளியே போகும் பாதையை முழுசாகக் கண்டுபிடித்ததே இந்தச் செல்லில்தான். ஜார்ஜ் பலாடியும் அவர் சகாக்களும் கினிப் பன்றியின் கணையத்தில் கதிரியக்க லூசினைக் கொடுத்து, அது செல்லுக்குள் எங்கெங்கே போகிறது என்று நிமிடக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1974 நோபல் பரிசு அவருக்கு இந்த மாதிரி வேலைகளுக்காகத்தான் கிடைத்தது.

ஆபத்தான சரக்கு, நான்கு பூட்டு

இங்கே ஒரு சிக்கல். அசினார் செல்லும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆனதுதான். அதைக் கரைக்கக்கூடிய சரக்கை அதுவே தயாரித்து, அதற்குள்ளேயே ஸ்டாக் வைத்திருக்கிறது. அப்புறம் எப்படி அது கரையாமல் இருக்கிறது?

முதல் பூட்டு: புரதத்தை வெட்டும் நொதிகள் செயலற்ற வடிவத்தில்தான் தயாராகின்றன. டிரிப்சினாக இல்லாமல் டிரிப்சினோஜனாக. கத்தி உறைக்குள் இருக்கிறது. இரண்டாவது: அவை துகளின் சவ்வுக்குள் அடைபட்டிருக்கின்றன. மூன்றாவது: அதே பொட்டலத்துக்குள் ஸ்பிங்க்1 என்ற ஒரு தடுப்பானும் சேர்த்து வைக்கப்படுகிறது. தப்பித்தவறி ஒரு டிரிப்சின் விழித்துக்கொண்டால் அதைப் பிடித்து அமுக்க. நான்காவது: உறையை உருவும் என்டரோகைனேஸ் என்ற நொதி கணையத்தில் கிடையாது. அது சிறுகுடல் சுவரில்தான் இருக்கிறது.

சிறுகுடலில் ஒரு டிரிப்சின் விழித்தால் போதும். அது அடுத்த டிரிப்சினோஜன்களையும், மற்ற நொதிகளையும் எழுப்பிவிடும். செரிமானத்துக்கு இது ரொம்ப வசதி. ஆனால் அதே சங்கிலி செல்லுக்குள் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கணையம் தன்னையே செரித்துக்கொள்வதுதான் இந்த நோய் என்று ஹான்ஸ் கியாரி 1896-லேயே சொல்லிவிட்டார். பூட்டு எப்படித் திறக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அதற்கப்புறம் நூறு வருடம் ஆனது.

செய்தி அடியில் வருகிறது, சரக்கு நுனியில் இருக்கிறது

சாப்பிட ஆரம்பித்ததும் வேகஸ் நரம்பு வழியாக அசிடைல்கோலின் வருகிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து சிசிகே என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றுதான்: "சாப்பாடு வந்தாச்சு, நொதியை அனுப்பு."

ஆனால் இந்தச் செய்திகள் செல்லின் அடிப்பக்கச் சவ்வில் வந்து கதவைத் தட்டுகின்றன. உள்ளே வருவதில்லை. துகள்கள் இருப்பதோ எதிர்முனையில். அடியில் தட்டிய சத்தம் நுனிக்கு எப்படிக் கேட்கிறது?

இதற்கான முதல் தடயம் 1953-ல் கிடைத்தது. மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் என்ற தம்பதி, புறாவின் கணையத் துண்டுகளில் அசிடைல்கோலினைச் சேர்த்தபோது, கதிரியக்கப் பாஸ்பரஸ் செல் சவ்வின் பாஸ்போலிப்பிட்களில் வேகமாகச் சேர்வதைப் பார்த்தார்கள். சவ்வு வெறும் சுவராக இருந்தால், செய்தி வரும்போது அதன் செங்கல்கள் ஏன் மாற வேண்டும்? அந்தக் காலத்தில் யாருக்கும் இதன் அர்த்தம் பிடிபடவில்லை. 1975-ல் ராபர்ட் மிச்செல், இந்த லிப்பிட் உடைவதற்கும் செல்லுக்குள் கால்சியம் ஏறுவதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

விடை கிடைத்தது 1983-ல். கேம்பிரிட்ஜில் மைக்கேல் பெரிட்ஜ் ஒரு வகை ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சவ்வு லிப்பிட் உடையும்போது தெறித்து விழும் ஐபி3 என்ற சின்ன மூலக்கூறின் மேல் அவருக்குச் சந்தேகம். பிராங்பர்ட்டில் ஹான்ஸ்பீட்டர் ஸ்ட்ரெப்பும் ஐரீன் ஷுல்ஸும் சவ்வில் ஓட்டை போட்ட கணைய அசினார் செல்களைக் கைவசம் வைத்திருந்தார்கள். ராபின் அர்வினும் சேர்ந்துகொண்டார். ஓட்டை வழியாக ஐபி3-ஐ உள்ளே விட்டார்கள். உள்ளே இருந்த கிடங்கிலிருந்து கால்சியம் கொட்டியது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வரவில்லை என்பதையும் காட்டினார்கள். அந்த ஆண்டே நேச்சர் இதழில் வெளியானது.

ஆக, சங்கிலி இது: சிசிகே அல்லது அசிடைல்கோலின் கதவைத் தட்டும். சவ்வில் இருக்கும் ஒரு நொதி லிப்பிட்டை வெட்டி ஐபி3-ஐ உருவாக்கும். ஐபி3 மிதந்து போய் ஈஆரின் குழாயைத் திறக்கும். கால்சியம் வெளியே வரும். துகள்கள் நுனிச் சவ்வோடு ஒட்டி, திறந்து, நொதியைக் குழாயில் கொட்டும். இன்றைக்கு மூளை, இதயம், கருமுட்டை என்று உடம்பில் எங்கு பார்த்தாலும் இருக்கும் இந்த ஏற்பாடு முதலில் பிடிபட்டது கணைய செல்லில் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பேஸ்மென்ட்டும் மோட்டாரும்

ஏன் கால்சியம்? சோடியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கே?

செல்லுக்கு வெளியே இருக்கும் திரவத்தில் கட்டுப்படாத கால்சியம் சுமார் 1.2 மில்லிமோலார். செல்லின் உள்திரவத்தில், சும்மா இருக்கும்போது, சுமார் 100 நானோமோலார். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். செல்லின் எரிசக்தி முழுக்கப் பாஸ்பேட்டை நம்பியிருக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கல்லாகிவிடும், எலும்பில் ஆவது போல. அதனால் எல்லாச் செல்களும் கால்சியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. இப்படி எப்போதும் காய்ந்து கிடக்கும் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். செய்தி அனுப்ப இதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் பேஸ்மென்ட் பார்க்கிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இடுப்பளவு மழைத் தண்ணீர். உள்ளே தரை காய்ந்திருக்கிறது. காரணம், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மோட்டார் தண்ணீரைத் தெருவுக்கு இறைக்கிறது. இன்னொன்று பேஸ்மென்ட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு மூடிய டேங்கில் ஏற்றுகிறது. அந்த டேங்க்தான் ஈஆர். டேங்கின் குழாயைத் திறக்கும் சாவி ஐபி3. மோட்டார் ஓடத் தேவையான கரண்ட், ஏடிபி. டேங்கில் ஏற்ற இரண்டு கால்சியத்துக்கு ஒரு ஏடிபி, தெருவுக்கு இறைக்க ஒரு கால்சியத்துக்கு ஒரு ஏடிபி என்று கணக்கு.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கால்சியம் ஒரு தனிமம். மற்ற சிக்னல் மூலக்கூறுகளைச் செல் வேலை முடிந்ததும் வெட்டிப் போட்டுவிடலாம். கால்சியத்தை அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். அதற்கு எப்போதும் கரண்ட் வேண்டும்.

சொட்டுச் சொட்டாக, நுனியில் மட்டும்

1985-ல் ரோஜர் சியென் குழுவினர் ஃப்யூரா-2 என்ற சாயத்தை உருவாக்கினார்கள். கால்சியம் வந்து ஒட்டினால் அது ஒளிரும் விதம் மாறும். இதனால் உயிருள்ள ஒரு செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதை நேரடியாகப் பார்க்க முடிந்தது. பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்: சாப்பாட்டு நேரத்தில் வரும் அளவுக்கு ஹார்மோன் கொடுத்தால், கால்சியம் ஏறி அப்படியே நிற்பதில்லை. துடிக்கிறது. சில விநாடி ஏற்றம், உடனே இறக்கம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஏற்றம்.

1993-ல் லிவர்பூலில் ஓலே பீட்டர்சனின் குழுவும், ஜப்பானில் ஹருவோ கசாயின் குழுவும் அடுத்த விஷயத்தைக் காட்டினார்கள். இந்தத் துடிப்பு செல் முழுவதும் நடப்பதில்லை. துகள்கள் இருக்கும் நுனிப்பகுதியில் மட்டும். ஐபி3 திறக்கும் குழாய்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. ஈஆர் பெரும்பாலும் அடிப்பக்கம் இருந்தாலும், அதன் மெல்லிய கிளைகள் நுனி வரை நீள்கின்றன. அடியில் ஏற்றிய கால்சியம் அந்தக் கிளைகளின் உட்புறமாகவே ஓடி நுனியில் வெளிவருகிறது. சுரங்கப்பாதை மாதிரி. அடியில் தட்டினால் நுனியில் எப்படிக் கேட்கிறது என்ற பழைய கேள்விக்கு இதுதான் பதில்.

நுனியில் வந்த கால்சியம் ஏன் செல் முழுக்கப் பரவவில்லை? துகள் பகுதியைச் சுற்றி மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒரு பெல்ட் மாதிரி வரிசை கட்டி நிற்கின்றன. நுனியிலிருந்து கசியும் கால்சியத்தை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. 1999-ல் இந்தப் பெல்ட்டின் வேலையை முடக்கிப் பார்த்தபோது, நுனியில் அடங்கியிருந்த சிக்னல் செல் முழுக்கப் பரவியது. இன்னொரு அழகு: கால்சியம் உள்ளே வந்ததும் மைட்டோகாண்ட்ரியா அதிக ஏடிபி தயாரிக்கிறது. அதாவது மோட்டாருக்கு வேலை வரும்போதே கரண்ட்டும் கூடுகிறது. லோடு ஏறும்போது தானாக சர்வர் கூட்டும் ஏற்பாட்டை நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம். செல் அதை எப்போதோ செய்துவிட்டது.

டேங்க் காலியானால் நிரப்ப வேண்டுமே? அதற்கும் ஒரு மிதவை இருக்கிறது. ஈஆருக்குள் கால்சியம் குறைவதை உணரும் ஸ்டிம்1 என்ற புரதம் 2005-ல் அடையாளம் காணப்பட்டது. அது நகர்ந்து போய் வெளிச்சவ்வில் இருக்கும் ஓராய்1 என்ற வாசலைத் திறக்கும். அந்த வாசல் 2006-ல் தெரியவந்தது. தெருத் தண்ணீர் அளவாக உள்ளே வந்து டேங்க் நிரம்பும். நிரம்பியதும் வாசல் மூடிக்கொள்ளும்.

இதெல்லாம் உண்மையிலேயே செரிமானத்துக்குத் தேவையா என்று கேட்டால், 2005-ல் ஜப்பானியர்கள் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. அசினார் செல்களில் முக்கியமாக இருக்கும் இரண்டு வகை ஐபி3 குழாய்களையும் எலிகளில் நீக்கினார்கள். கணையம் பார்க்க நன்றாகவே இருந்தது. துகள்களும் இருந்தன. ஆனால் நொதி வெளியே வரவில்லை, உமிழ்நீரும் சரியாகச் சுரக்கவில்லை. தாய்ப்பால் நிறுத்தியதும் உலர்ந்த தீனியில் அவை பிழைக்கவில்லை. குழைத்த ஈரத் தீனி கொடுத்தால் பிழைத்தன, ஆனால் மெலிந்தே இருந்தன. கிடங்கு நிறைய சரக்கு இருந்தும் கதவைத் திறக்க ஆள் இல்லை.

குழாய் மூடவில்லை, கரண்ட்டும் போய்விட்டது

இப்போது நோய்க்கு வருவோம். ஆஸ்திரேலியத் தவளை ஒன்றின் தோலில் செருலின் என்ற பொருள் இருக்கிறது. அதன் வால்பகுதி கிட்டத்தட்ட சிசிகே போலவே இருக்கும். கொஞ்சமாகக் கொடுத்தால் எலியின் கணையம் நன்றாக நொதி சுரக்கும். அளவைக் கூட்டினால் சுரப்பும் கூடும். ஒரு எல்லைக்கு மேல் கூட்டினால் சுரப்பு குறைய ஆரம்பிக்கும், எலிக்குக் கணைய அழற்சி வரும்! 1970-களிலிருந்து ஆய்வகங்களில் இந்த நோயை உருவாக்க இதுதான் வழக்கமான முறை.

பொருள் அதேதான், கதவும் அதேதான். சாயம் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கால்சியத்தில் தெரிகிறது. சரியான அளவில் நுனியில் மட்டும் சின்னத் துடிப்புகள். அளவு மீறினால் செல் முழுக்க ஏறி, இறங்காமல் நிற்கும் கால்சியம். அப்போது துகள் பகுதியில் குமிழ்கள் தோன்றி, அவற்றுக்குள் டிரிப்சினோஜன் டிரிப்சினாக மாற ஆரம்பிக்கிறது. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருளை முன்கூட்டியே செல்லுக்குள் வைத்துவிட்டால், அதே அளவு ஹார்மோன் கொடுத்தும் டிரிப்சின் விழிப்பதில்லை. ஆகவே காரணம் கால்சியத்தின் நீடித்த ஏற்றம்தான்.

மனிதர்களுக்கு யாரும் தவளைத் தோலைக் கொடுப்பதில்லை. இங்கே பெரிய காரணங்கள் இரண்டு: பித்தப்பைக் கல், குடி. கல் வந்து வாயை அடைத்தால் குழாயில் அழுத்தம் ஏறும், பித்தநீர் பின்வாங்கிக் கணையத்துக்குள் வரவும் வழி இருக்கிறது. பித்த அமிலங்கள் அசினார் செல்லில் கால்சியத்தை ஏற்றுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. குடியில் நடப்பது இன்னும் நுணுக்கமானது. சாராயம் நேரடியாகக் கால்சியத்தைப் பெரிதாக அசைப்பதில்லை. ஆனால் கணையத்துக்குள் அது கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து எஸ்டர்களாக மாறுகிறது. இந்த எஸ்டர்கள் ஈஆரின் குழாயைத் திறந்துவிடுகின்றன. அதோடு, செல்லுக்குள் அவை உடையும்போது வரும் கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது.

பேஸ்மென்ட்டுக்குத் திரும்பிப் போனால், குழாய் திறந்தே கிடக்கிறது, அதே நேரத்தில் கரண்ட்டும் போய்விட்டது. டேங்க் காலியாவதால் மிதவை தெருவாசலைத் திறந்துவிடுகிறது. வெளியே இருக்கும் வெள்ளம் உள்ளே வருகிறது. மோட்டார் ஓடவில்லை. செல் வீங்கி வெடித்துச் சாகிறது. அதற்குள் இருந்த சரக்கு பக்கத்துச் செல்களின் மேல் கொட்டுகிறது.

கரண்ட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சோதனை. மேலே சொன்ன நச்சுப் பொருட்களைக் கொடுத்தபடியே, நுண்குழாய் மூலம் செல்லுக்குள் ஏடிபியை நேரடியாக ஏற்றினார்கள். கால்சியம் நிரந்தரமாக ஏறி நிற்கவில்லை. செல் சாகவில்லை. மோட்டார் ஓடினால் போதும், செல் சமாளித்துக்கொள்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிரிப்சின்தான் ஒரே வில்லன் என்ற பழைய கதை இன்று அப்படியே நிற்கவில்லை. முக்கியமான டிரிப்சினோஜன் ஒன்றை நீக்கிய எலிகளிலும் அழற்சி வருகிறது என்று 2011-ல் காட்டினார்கள். செல் சாவது கொஞ்சம் குறைந்தது, அழற்சி குறையவில்லை. அழற்சியைத் தூண்டும் வேறு பாதைகள் டிரிப்சினோடு பக்கவாட்டில் ஓடுகின்றன. ஆனால் நீடித்த கால்சியம் இந்தப் பாதைகளுக்கெல்லாம் மேலே, ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் குறைவு?

நண்பனின் கேள்விக்கு வந்துவிட்டோம். லேப் அளந்தது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை, அதாவது தெருத் தண்ணீரை. நான் சொன்னது பேஸ்மென்ட்டை. 7.6 என்பது சாதாரண அளவைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. வெளியே பத்தாயிரம் மடங்கு இருந்தது எட்டாயிரம் மடங்கு ஆனால் பேஸ்மென்ட்டுக்கு என்ன லாபம்? வாசல் திறந்திருந்தால் அதுவும் வெள்ளம்தான்.

சரி, தெருவில் ஏன் குறைந்தது? அழிந்த செல்களிலிருந்து கொட்டிய லைபேஸ், கணையத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பை உடைக்கிறது. வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து படிகின்றன. இது சாட்சாத் சோப்புதான். கொழுப்பிலிருந்து சோப்பு செய்யும் அதே வேதியியல், வயிற்றுக்குள். ரத்தத்தின் கால்சியம் அங்கே போய் மாட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் அல்புமின் குறைவதாலும் ரிப்போர்ட்டில் எண் இறங்கும், ஏனென்றால் ரத்தக் கால்சியத்தில் கிட்டத்தட்டப் பாதி புரதங்களில், முக்கியமாக அல்புமினில், ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, செல்லுக்குள் ஏறிய கால்சியம் செல்லைக் கொன்றது. செல் செத்ததால் ரத்தத்தில் கால்சியம் இறங்கியது. முதலாவது காரணம், இரண்டாவது விளைவு. 1974-ல் வந்த ரேன்சன் அளவுகோலிலேயே, முதல் 48 மணி நேரத்துக்குள் கால்சியம் 8-க்குக் கீழே போவது நோய் கடுமையாக இருப்பதற்கான அடையாளங்களில் ஒன்று.

அப்படியென்றால் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டுமா? டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். சாப்பிடும் கால்சியத்துக்கும் செல்லுக்குள் இருக்கும் 100 நானோமோலாருக்கும் நடுவில் எலும்பு, சிறுநீரகம், ஹார்மோன் என்று பல காவல். பாராதைராய்டு கோளாறு போன்ற காரணங்களால் ரத்தக் கால்சியம் நிஜமாகவே எகிறினால் கணைய அழற்சி வரலாம், அது தனிக் கதை.

நம் பக்கத்துக் கால்சியம்

இதே கணையத்தில் மூன்றாவதாக ஒரு கால்சியமும் உண்டு. கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் நீண்ட காலமாகக் கவனிக்கப்பட்டு வரும் நோய், டிராப்பிக்கல் கால்சிஃபிக் பாங்க்ரியாடைட்டிஸ். குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்கு வயிற்று வலி, பிறகு சர்க்கரை நோய், எக்ஸ்ரேயில் கணையக் குழாய்க்குள் பெரிய பெரிய கற்கள். கேரளாவில் டாக்டர் கீவர்கீஸ் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தார். மரவள்ளிக்கிழங்கைக் கொஞ்ச காலம் குற்றம் சொன்னார்கள். அதற்குப் பலமான ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்தக் கற்கள் கால்சியம் கார்பனேட். குழாய்க்குள் படிவது, செல்லுக்குள் இருக்கும் சிக்னல் கால்சியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்த நோயாளிகளில் பலருக்கு ஒரு மரபணு மாற்றம் இருப்பது 2000-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. எந்த மரபணு தெரியுமா? ஸ்பிங்க்1. மேலே மூன்றாவது பூட்டு என்று சொன்னேனே, அதேதான். அந்தப் பூட்டு பலவீனமாக இருக்கும் குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மருந்து?

இவ்வளவு தெரிந்தும், அக்யூட் பாங்க்ரியாடைட்டிஸுக்கென்று தனி மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. திரவம் ஏற்றுவது, வலியைக் குறைப்பது, முடிந்தவரை சீக்கிரம் சாப்பாடு கொடுக்க ஆரம்பிப்பது, கல் இருந்தால் அதைக் கவனிப்பது. இதுதான் சிகிச்சை. ஓராய் வாசலை அடைக்கும் மருந்துகள் எலிகளில் நல்ல பலன் கொடுத்து, மனிதர்களிடம் சோதனை வரை வந்திருக்கின்றன. நேரம்தான் பிரச்சினை. நோயாளி வலியோடு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது, செல்லுக்குள் வெள்ளம் வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும்.

நண்பன் பத்து நாளில் வீடு திரும்பினான். குடியை விட்டுவிட்டான். சிகரெட்டும் கணையத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அதுவும் போயிற்று. போன மாதம் போனில் இந்த பேஸ்மென்ட் கதையை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ ரிப்போர்ட் தப்பில்ல, நீதான் எந்தக் கால்சியம்னு சொல்லாம விட்டுட்ட" என்றான். சரிதான்.

மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து, முதுகுக்குப் பரவி, வாந்தியும் சேர்ந்தால், கேஸ் பிராப்ளம் என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த குறிப்பில் அசினார் செல்லை விட்டுவிட்டு, பைகார்பனேட் கொடுக்கும் குழாய்ச் செல்களையும், 1902-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்த சிக்ரெட்டினையும் பார்க்கலாம்.